தொண்டும் துணிவும்: இமயமலைக் கிராமங்கள் தரும் பாடம்

முன்னேற்றப் பணிகளில் மக்களின் பங்கு இன்றியமையாதது என்பதை 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு வலியுறுத்தி வருகிறோம். ஆயினும், மக்களை எவ்வாறு ஈடுபடுத்துவது என்ற வினாவுக்குச் சுற்றறிக்கைகள் மட்டும் விடையளித்துவிட முடியாது. தொண்டர்களின் அனுபவத்தையும் நாம் ஆராய வேண்டியுள்ளது. இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சண்டி பிரசாத் பட்டின் பணி இவ்வகையில் கருதத்தக்கது.

வேலையைத் துறந்த இளைஞர்

1934இல் கோபேஸ்வரில் பிறந்த பட், பேருந்து நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1956இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் உரையைக் கேட்டுச் சர்வோதயக் கொள்கையில் ஈடுபாடு கொண்டார். 1960இல் வேலையை விட்டு முழுநேரத் தொண்டரானார். 1964இல் தசோலி கிராம சுவராஜ்ய சங்கம் உருவாயிற்று. பிழைப்பு நாடி இளைஞர்கள் சமவெளிக்குச் செல்லும் நிலையை மாற்ற, உள்ளூரிலேயே வேலை தரும் சிறு தொழில்களில் சங்கம் முதலில் கருத்தைச் செலுத்தியது.

வெள்ளமும் காடும்

1970 ஜூலை 20ஆம் நாள் அலகநந்தாவில் பெருவெள்ளம் ஏற்பட்டது. நிவாரணப் பணியில் இறங்கிய சங்கத் தொண்டர்கள், கடினமான மலைப்பாதைகளில் நடந்து சேதத்தின் காரணத்தை நேரில் ஆராய்ந்தனர். காடு அழிந்த சரிவுகளே நிலச்சரிவுக்கும் வெள்ளச் சேதத்திற்கும் வழிவகுத்தன என்பதை உணர்ந்தனர். மலைநாட்டில் துணிவு என்பது சிகரம் ஏறுவதோடு முடிந்துவிடுவதில்லை; பிறர் துன்பத்தின் காரணத்தைத் தேடி நடப்பதும் துணிவே.

உழவுக் கருவிகள் செய்யச் சங்கம் கேட்ட அங்கு மரங்கள் மறுக்கப்பட்டு, விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றிற்கு ஒதுக்கப்பட்டன. 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் மக்கள் திரண்டு, மரங்களைத் தழுவிக் காப்போம் என உறுதி பூண்டனர். இதுவே 'சிப்கோ' இயக்கத்தின் தொடக்கம். 1974 மார்ச் 26ஆம் நாள் ரேணி கிராமத்து ஆண்கள் ஊரில் இல்லாதபோது, கௌரா தேவியின் தலைமையில் பெண்களே காட்டிற்குச் சென்று வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினர். தலைவர் அருகில் இல்லாத நேரத்தில் மக்கள் தாமே முன்வந்து செயல்பட்டதுதான் தலைமையின் உண்மையான வெற்றி. பின்னர் அரசு அமைத்த வல்லுநர் குழு மக்களின் கருத்தை ஏற்றது. அலகநந்தாவின் மேற்படுகையில் வணிக நோக்கில் மரம் வெட்டுவது 10 ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது.

யாருடைய கருத்து?

மரங்களைக் காத்ததோடு சங்கம் அமைந்துவிடவில்லை. கிராம மக்களும் மாணவர்களும் ஒன்றுகூடிய முகாம்களில் கன்றுகள் நடப்பட்டன. கால்நடைகளிடமிருந்து அவற்றைக் காக்கக் கற்சுவர்கள் எழுந்தன. விறகும் தீவனமும் தரும் மரங்களைப் பெண்கள் விரும்பினர். அவற்றைத் தேடி அன்றாடம் மலையேறுபவர்கள் அவர்களே அல்லவா?

1980இல் துங்ரி-பைந்தோலியில் இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் ஆகிய வசதிகளுக்கு ஈடாக ஊர்க்காட்டை விட்டுக்கொடுக்க ஆண்கள் இசைந்தனர். பெண்கள் எதிர்த்துக் காட்டைக் காத்தனர். ஊர்மன்றத்தின் இசைவு ஊர் முழுவதன் இசைவாகிவிடாது என்பதைத் திட்டமிடுவோர் இதிலிருந்து அறிதல் வேண்டும்.

நமது கடமை

1982இல் பட்டுக்குச் சமுதாயத் தலைமைக்கான மகசேசே விருது வழங்கப்பட்டது. நிதியும் தொழில்நுட்பமும் அரசு அளிக்கலாம். நட்ட கன்று பிழைப்பதோ அதனருகில் வாழ்வோரின் அக்கறையைப் பொறுத்தது. ஆகவே, அதிகாரிகள் திட்டத்தை வகுக்கும் முன்பே பெண்கள் உள்ளிட்ட பயனாளிகளைக் கலந்து பேசுதல் நலம்.

மாணவர்களுக்கும் இதில் இடமுண்டு. 1974இல் இளைஞர் சிலர் அஸ்கோட்டிலிருந்து ஆராகோட் வரை மலைக் கிராமங்களின் வழியே நடந்து மக்களின் வாழ்க்கையை அறிந்தனர்; பத்தாண்டுக்கு ஒருமுறை தொடரும் அந்நடைப்பயணம் 2024இலும் நடைபெற்றது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் இளைஞர்கள், முகாம் முடிந்ததும் ஊரை மறந்துவிடாமல், நட்ட கன்று மரமாகும்வரை அவ்வூருக்கு மீண்டும் மீண்டும் சென்று வருவார்களாயின், அத்தொண்டு நிலைத்த பயன் தரும்.