கயிற்றை இழுக்கும் உரிமை

வீண்செலவையும் காத்திருப்பையும் களைந்து, வேலையைச் செய்பவரிடமே அதைத் திருத்தும் அதிகாரத்தையும் ஒப்படைக்கும் 'லீன்' முறை, ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் உருப்பெற்றது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கார் ஆலையை, இரு நிறுவனங்களும் 1984இல் கூட்டாகத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் மீண்டும் சேர்க்கப்பட்டனர். குறை கண்ட எவரும் தலைக்கு மேலுள்ள 'ஆண்டான்' கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் விரைந்து வருவார். கார் அந்தப் பணியிடத்தைக் கடப்பதற்குள் குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். தரம் விரைவிலேயே வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது. ஆயினும் ஜெனரல் மோட்டார்ஸின் பிற ஆலைகளுக்கு இம்முறை பரவப் பல்லாண்டுகள் ஆயின. ஏனெனில் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுவது எளிது, வரிசையை நிறுத்தியவரைக் கடிந்துகொள்ளும் பழக்கத்தை மேலாளர்கள் விடுவது அரிது. சிறு குழுக்கள் குறுகிய தவணைகளில் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் 'அஜைல்' முறையைப் பெருநிறுவனம் முழுவதும் புகுத்த விழைவோர், முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தையே.