கர்ப்பிணிக்குப் பல்வலி வந்தால்

"பிள்ளை பிறக்கட்டும். பல்லை அப்புறம் பார்க்கலாம்." வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்வது உண்டு. சில டாக்டர்களும் தயங்குவது உண்டு.

இந்தப் பயம் ஏன் வந்தது?

1957இல் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. பல நாடுகளில் கர்ப்பிணிகள் அதை மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை, கால் சரியாக வளராமல் பிறந்தன. 1961இல் பல நாடுகளில் அதன் விற்பனை நின்றது. அதிலிருந்து கர்ப்பிணிக்கு மருந்து என்றாலே பயம்.

ஆனால் எல்லா மருந்தும் கெடுதல் அல்ல. பல்லுக்கு வைத்தியம் செய்யாமல் இருப்பதுதான் கெடுதல்.

கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கும். பல் துலக்கினால் ரத்தம் கசியும். சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். முகம் வீங்கும். காய்ச்சல் வரும். தாயால் சாப்பிட முடியாது. பிறகு பிள்ளைக்குச் சத்து எப்படிக் கிடைக்கும்?

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை தலைநகரில் உள்ளது. போர்ட் பிளேர் என்ற அந்த ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. காம்பல் பேயிலிருந்து அங்கே கப்பலில் போக ஒரு நாளுக்கும் மேல் ஆகும். கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது. ஆகவே வலி முற்றும் வரை காத்திருக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

* சொத்தையை அடைக்கலாம். தேவையானால் பல்லைப் பிடுங்கலாம். 4, 5, 6ஆம் மாதங்கள் இதற்கு வசதியானவை. அவசரம் என்றால் எந்த மாதத்திலும் செய்யலாம்.
* பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போடலாம்.
* அவசியமானால் உரிய பாதுகாப்போடு பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கலாம்.
* வலிக்குப் பாரசிட்டமால், சீழுக்கு அமாக்சிசிலின் போன்றவற்றை டாக்டர் கொடுப்பார். அவர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிட வேண்டும்.

என்ன செய்யக் கூடாது?

* கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. ஐபுப்ரூஃபன் என்ற மாத்திரை, முக்கியமாக 5ஆம் மாதத்துக்குப் பிறகு, பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடைசி மாதங்களில் இதயத்தையும் பாதிக்கலாம்.
* டெட்ராசைக்ளின் சாப்பிடக் கூடாது. அது பிள்ளையின் பல்லில் நிரந்தரக் கறையை உண்டாக்கும்.
* வலிக்கிற பல்லில் புகையிலையை வைக்கக் கூடாது.

2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அங்கே பல்லைப் பற்றியும் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போனால் முதலில் எத்தனையாவது மாதம் என்று சொல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்றும் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் டாக்டர் சரியான மருந்தைக் கொடுக்க முடியும்.