அறைக்கு அறை 800 ஜி.பி. அனுப்ப இரண்டு நாளா? உப்புக்காற்றில் திணறும் வீட்டு நாஸ் பெட்டி!

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பக்கம் போகிற சாலையில் நடந்தால், இன்றைக்கும் உளிச் சத்தம் காதில் விழும். அந்தப் பட்டறைகளில் ஒன்றின் பின்கட்டில் ஒரு வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஸ்தபதி. அவர் கையால் போட்ட அளவுப் படங்களின் ஸ்கேன், ஊர் ஊராகப் போய்க் கோயில்களில் எடுத்த போட்டோக்கள், பேத்தியின் கல்யாண வீடியோ, போய்ச் சேர்ந்த பாட்டியின் குரல் பதிவான ஒரே ஒரு தீபாவளி வீடியோ. எல்லாம் சேர்த்து 800 ஜி.பி. இருக்கும். அத்தனையும் கிடப்பது பத்து வருஷப் பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில்.

பேரன் சிறுசேரியில் ஐ.டி. வேலை. பழைய டிஸ்க்கை நம்ப முடியாது என்று புதிதாக ஒரு நாஸ் பெட்டி வாங்கி மாடியில் வைத்திருக்கிறார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் காப்பி எடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தால், லேப்டாப் திரை சொல்கிறது: இன்னும் 2 நாள், 7 மணி நேரம்.

"ஏம்ப்பா, இந்த ரூமுலேர்ந்து மாடி ரூமுக்குத்தானே போவுது? காசிக்கா போவுது?" என்கிறார் தாத்தா.

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வி எழாத நாஸ் வீடு கிடையாது.

நாஸ் என்பது வேறொன்றும் இல்லை. நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ். ஒன்றோ இரண்டோ நாலோ ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு சின்னப் பெட்டி. ரவுட்டரில் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் டி.வி.யும் அதில் போட்டு எடுக்கலாம். வீட்டுக்கு ஒரு பொதுப் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சந்தா கிடையாது. ஆனால், பரணில் சாமானை ஏற்றவே மூன்று நாள் ஆனால் யார் ஏற்றுவார்கள்? 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு, அதற்குள் டிஸ்க் போய்விட்ட வீடுகள்தான் அதிகம்.

இந்தக் கடற்கரையில் தள்ளிப்போடுவது கூடுதல் ஆபத்து. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரை கடந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். கோவளம் முதல் கல்பாக்கம் வரை மழைக்காலம் என்றாலே கரன்ட் போவதும் வருவதுமாக இருப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, வேகம் ஏன் படுத்துவிடுகிறது?

பெரும்பாலானோர் முதலில் செய்வது, இன்டர்நெட் பிளானை மாற்றுவது. 100-லிருந்து 300-க்கு ஏற்றிவிட்டு, 'இப்பவும் அதே வேகம்தான்' என்று புலம்புவது. அந்தப் பணம் வீண். லேப்டாப்பிலிருந்து நாஸுக்குப் போகிற ஃபைல் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. தெருவில் ரோடு போட்டால் வீட்டு மாடிப்படி அகலமாகுமா?

அடுத்த குழப்பம் பிட்டும் பைட்டும். கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் சொல்வது மெகாபிட். கம்ப்யூட்டர் காப்பி எடுக்கும்போது காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் லைனில் கணக்குப்படி அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும். நடைமுறையில் 11, கொஞ்சம் கூட. கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் லைன் என்றால் 110 மெகாபைட்டைத் தொடும். அந்த 800 ஜி.பி.க்கு முதல் லைனில் 20 மணி நேரம், இரண்டாவதில் இரண்டு மணி நேரம் சொச்சம். ஸ்தபதி வீட்டில் 2 நாள் 7 மணி காட்டுகிறது என்றால், நொடிக்கு வெறும் 4 மெகாபைட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணே நாடி

நாடி பிடித்து நோய் சொல்கிற மாதிரி, திரையில் ஓடும் அந்த எண்ணைப் பார்த்தே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

4, 5, 6 என்று தள்ளாடினால் சந்தேகமே வேண்டாம், வைஃபை. அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பக்கத்து வீடு, எதிர் ரிசார்ட் என்று எல்லோருடைய வைஃபையும் அதே அலைவரிசையில் முண்டியடிக்கும். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் வேகம் கூடும். ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். சில வீடுகளில் லேப்டாப்பும் வைஃபை, நாஸ் பக்கம் போகிற இணைப்பும் வைஃபை ரிப்பீட்டர் வழியாக. அப்போது ஒரே ஃபைல் அதே காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. வேகம் பாதியாகத்தான் செய்யும். பெரிய காப்பி எடுக்கும் அன்றைக்கு மட்டுமாவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் கேபிளில் செருகிவிடுவது உத்தமம்.

பேரனும் அதைத்தான் செய்தார். லேப்டாப்போடு மாடி ஏறி, லேன் கேபிளைச் செருகினார். எண் 11.3-க்கு ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

11-க்கும் 12-க்கும் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஒரு இடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டாகச் சுருங்கியிருக்கிறது. விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போனால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒன்று இருக்கும். அங்கே 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் குட்டு உடைந்தது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கிறவர்கள் மாட்டிவிட்டுப் போகும் பெட்டி. நாலு ஓட்டை இருந்தாலும் பல மாடல்களில் ஒன்றுதான் கிகாபிட், மற்றது எல்லாம் 100. சிலவற்றில் அந்த ஒன்றும் கிடையாது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு கிகாபிட் சுவிட்ச்சை வாங்கி, லேப்டாப்பையும் நாஸையும் அதில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ரவுட்டரை மாற்றவே தேவையில்லை.

இரண்டாவது காரணம்தான் இந்தக் கடற்கரைக்கே உரியது. உப்பு.

கடற்கரைக் கோயிலின் கல்லிலேயே உப்பு ஏறுகிறது. காற்றைத் தடுக்கச் சுற்றிலும் சவுக்கு வைத்தும், கல்லில் இறங்கிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுப்பது தொல்லியல் துறைக்குத் தொடர் வேலையாக இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுக் கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், கேபிள் நுனியில் இருக்கும் இத்தனூண்டு செம்புக் கம்பி எம்மாத்திரம்? கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் கிரில் கேட், ஏ.சி. காயில், ஃபேன் எல்லாம் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். லேன் கேபிளின் கண்ணாடிக் கொண்டைக்குள் நடப்பது தெரியாது. அந்தக் கொண்டைக்குள் இருக்கும் தொடுமுனைகளில் மேலே தங்கமுலாம் பூசியிருக்கும். மலிவான சரக்கில் அது பெயருக்குத்தான். ஈரமும் உப்பும் அந்த முலாமின் நுண்துளை வழியாக உள்ளே இறங்கி, அடியில் உள்ள உலோகத்தை அரிக்கும். பச்சை பூக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நீலமும் பிரவுனும் சேர்த்து நாலும் வேண்டும். நீலத்தில் ஒரே ஒரு கம்பி அரித்துப்போனால் இணைப்பு அறுந்துவிடாது. பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வருகிறது, யூடியூப் ஓடுகிறது, யாருக்கும் சந்தேகம் வராது. மாதக்கணக்கில் அப்படியே ஓடும்.

பேரன் கேபிள் நுனியை டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு முனையில் பச்சை. மொட்டைமாடிச் சுவரை ஒட்டி வெயிலிலும் காற்றிலும் போகிற கேபிள் அது. கொண்டையை வெட்டிவிட்டு, அரிக்காத கம்பி தெரியும்வரை ஒரு ஜாண் உள்ளே தள்ளி வெட்டி, புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்தார். செலவு சில ரூபாய்தான். எண் 90-ஐத் தாண்டியது. தாத்தா, "இவ்ளோதானா?" என்றார்.

சில நேரம் இவ்வளவுதான். கேபிள் வாங்கும்போதே முழுச் செம்புக் கம்பி உள்ள கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கடலோரத்தில் அது சீக்கிரம் கழுத்தறுக்கும். வீட்டுக்கு வெளியே போகும் கேபிள் என்றால் வெளிப்புறத்துக்கு என்றே வரும் ரகம் வேண்டும். நாஸின் லேன் ஓட்டையே மங்கியிருந்தால், கரன்ட்டை நிறுத்திவிட்டு ஐசோபிரபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், இருக்கிற கொஞ்சநஞ்ச முலாமும் போய்விடும்.

30-க்கும் 40-க்கும் நடுவில் நின்றால்? ரவுட்டரின் பின்னால் ஒரு டிஸ்க்கைச் செருகி, அதையே நாஸாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. யு.எஸ்.பி. 2.0 ஓட்டையின் எல்லை அது. நீலநிற ஓட்டை இருந்தால் அதில் மாற்றிப் பாருங்கள்.

ஓட்டு வீடும் பரனூர் டோல்கேட்டும்

ஆரம்பத்தில் 100-க்கு மேல் பாய்ந்து, கொஞ்ச நேரத்தில் 20, 10 என்று படுத்துவிடுகிறதா? அது நெட்வொர்க் கோளாறு இல்லை, டிஸ்க். எஸ்.எம்.ஆர். என்றொரு வகை ஹார்டு டிஸ்க் உண்டு. நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி, தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதுவது. அதே இடத்தில் நிறைய அடைக்கலாம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டுமே, அதே பாடுதான் இங்கேயும். நாஸுக்கு என்றே விற்ற 'ரெட்' வரிசையின் சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாகச் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள், பிறகு பழைய முறை டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். நாஸுக்கு டிஸ்க் வாங்கும்போது கடைக்காரரிடம் 'சி.எம்.ஆர். தானே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கல்யாண வீடியோ பறக்கிறது, வாட்ஸ்அப் போட்டோ மட்டும் ஊர்கிறது என்றால் எந்தக் கோளாறும் இல்லை. பரனூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 800 மூட்டையை ஒரே லாரியில் ஏற்றினால் ஒரு தடவை நின்றால் போதும். மூட்டைக்கு ஒரு கார் என்று போனால் ஒவ்வொன்றும் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் 'திற, எழுது, மூடு' என்று நாஸோடு தனிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்தப் பேச்சுக்கான மொழியின் பெயர் எஸ்.எம்.பி. அதை லினக்ஸ் பெட்டிகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வருகிற வார்த்தையை அகராதிக் கோப்பில் தேடி 'சாம்பா' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு வீடுகளில் இருக்கும் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது அந்த சாம்பாதான். ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்கள் என்றால் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பி, நாஸிலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் வருகிற இன்னொரு மந்தம் உண்டு. கரன்ட் பட்டென்று போய் வந்தால், இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் இரண்டிலும் உள்ளது சரியாகப் பொருந்துகிறதா என்று முதலிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும். மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் காப்பி மெதுவாகத்தான் போகும். விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். 'இன்வெர்ட்டர் இருக்கிறதே' என்பார்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரி. சாதா முறையில் ஓடும் இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் நாஸ் அணைந்து எழும். நாஸுக்குத் தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். இருப்பது நல்லது. யு.எஸ்.பி. வயரால் இணைக்கிற மாடல் என்றால், பேட்டரி இறங்கும்போது நாஸ் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

பழைய டிஸ்க் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாம் சரியாக இருந்தும் வேகம் விழுந்து விழுந்து எழுந்தால், கூடவே 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால், அது சாகப்போகிற டிஸ்க். கேபிளை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, மீட்டெடுக்கும் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சத்தம் இல்லை, வயதுதான் ஆகிவிட்டது என்றால், முதலில் எடுக்க வேண்டியது வேறு எங்கும் கிடைக்காத ஃபைல்கள். சினிமா எல்லாம் அப்புறம்.

பேரனும் முதலில் இழுத்தது பாட்டியின் தீபாவளி வீடியோவைத்தான். மீதி இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. நாஸில் இரண்டு டிஸ்க் இருந்தாலும் அது ஒரே காப்பிதான். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொல்லிப் பிரபலமான கணக்கு ஒன்று உண்டு: மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில்.

வேறு ஊருக்கு எங்கே போவது? செங்கல்பட்டில் அத்தை வீடு இருக்கிறது. இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார் பேரன். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால், 800 ஜி.பி.யும் நொடிக்கு 220 மெகாபைட் வேகத்தில் போனதாகக் கணக்கு. கிகாபிட் கேபிளைவிட இரண்டு மடங்கு!