எண்ணூர்க் கழிமுகம்: உல்லாச ஸ்தலம் உலைக்களமான கதை

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாகவே வடக்கு நோக்கிச் சென்றால், ஒரு புறம் வங்கக் கடலும் மறு புறம் உப்பங்கழியுமாக, நடுவே மணல் திட்டின்மீது அமைந்திருக்கிறது எண்ணூர். அதன் சரித்திரத்தையும், அங்கே இன்றும் காணத்தக்கவற்றையும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

முதலில் வரைபடத்தைக் கவனியுங்கள். 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து கிழக்கே ஓடிவரும் கொசஸ்தலையாறு, கடலோடு கலக்கும் இடமே எண்ணூர் முகத்துவாரம். ஆற்றின் நன்னீரும் ஓதத்தில் உட்புகும் கடல்நீரும் இங்கே கலப்பதால், இறாலும் நண்டும் மடவையும் செழித்து வளர்ந்தன. அவற்றை நம்பியே காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகள் நிலைபெற்றன. சேற்று நீரில் அமர்ந்து, கைகளால் துழாவியே இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இந்தக் கழியே ஜீவாதாரம்.

கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளும் ஆங்கில வர்த்தகர்களும் நகரத்தின் வெயிலுக்கும் நெருக்கடிக்கும் தப்பி, படகு விடவும் மீன் பிடிக்கவும் இந்த ரமணீயமான பிரதேசத்தை நாடி வந்ததும், கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலத்தில் மாளிகைகள் கட்டிக்கொண்டதும், இன்றைய புகைபோக்கிகளைப் பார்ப்பவர்களுக்கு நம்புதற்கரிய செய்தியாகத் தோன்றக்கூடும். 1806-இல், பாசில் காக்ரேன் என்பவரின் பொருளுதவியால், சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரத்துக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் ஆந்திரம் வரைக்கும் நீண்டு, 1878-இல் சென்னை கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற அந்த நீர்வழியே, உப்பும் விறகும் தானியமும் ஏற்றிய படகுகள் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தன.

எந்த அனுகூலங்கள் உல்லாசப் பிரியர்களை இங்கே ஈர்த்தனவோ, அதே அனுகூலங்கள்தாம் பிற்காலத்தில் தொழிற்சாலைகளையும் ஈர்த்தன. நகரத்துக்கு அண்மை, ரயில் பாதை, பரந்த தாழ்நிலம், யந்திரங்களைக் குளிர்விக்கப் போதிய ஜலம் ஆகிய யாவும் ஓரிடத்திலேயே கிடைத்தன. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டி முடிக்கும் தொழிலை இங்கே தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. 1970-இல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என்ற பெயரில் இயங்குகிறது. பட்டணத்துக்கு விளக்கெரிந்தது, கழிக்குக் கிடைத்தது சாம்பலும் சுடுநீரும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கழியின் நெடுகிலும் படர்ந்து, வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது.

அப்படியிருந்தும் காண்பதற்கு அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்கலாம். 1856-இல் திறக்கப்பட்டு, இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களுள் மிகப் பழமையானதாகிய ராயபுரம் நிலையத்தைப் பார்த்துவிட்டுப் பிரயாணத்தைத் தொடங்குங்கள். வழியில் திருவொற்றியூர், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஸ்தலம். அங்கே தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்தபின், கடற்கரையை ஒட்டிய பட்டினத்தார் சமாதியில் சற்றே அமர்ந்திருக்கலாம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கி முகத்துவாரத்தை அடைந்தால், ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளும் நீரோட்டத்தையும், அலையாத்திச் செடிகளையும், நாரை கொக்குகளையும், அவற்றுக்குப் பின்னால் நிலக்கரி ஏற்றிய கப்பல்களையும் ஒரே பார்வையில் காணலாம். கரையில் வலை பழுதுபார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த மீன் எந்தப் பருவத்தில் வந்தது, எப்போது வராமற்போயிற்று என்பதை எந்தப் புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லுவார்கள்.

எண்ணூரைக் காப்பது மீனவர்களுக்கு நாம் செய்யும் பரோபகாரம் என்று கருதுவோர் உண்டு, அது பிழை. பூண்டி நிரம்பி உபரி நீர் திறந்துவிடப்படும்போது, கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்கு வெளியேற வேண்டிய வாசல் இந்த முகத்துவாரமே. அது தூர்ந்தும், தாழ்நிலங்கள் மண்ணடித்து மேடாக்கப்பட்டும் போனால், அந்த வெள்ளம் மணலி புதுநகரிலும் சடையங்குப்பத்திலும் உள்ள வீடுகளுக்குள்தான் வந்து நிற்கும். சில மழைக்காலங்களில் அவ்வாறு நின்றும் இருக்கிறது. ஆகையால், அந்தக் கழியின் க்ஷேமத்தைக் கோருவதற்கு இயற்கை அபிமானம்கூட அவசியமில்லை. சென்னைவாசிக்குத் தன் வீட்டு வாசற்படியைப் பற்றிய கவலை ஒன்றே போதும்.