விண்வெளிக்குப் போன ஜாவாஸ்கிரிப்ட்



ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். "அது வெப்சைட்டுல பட்டனை அமுக்கினா ஏதாவது செய்யும், அவ்வளவுதான்" என்று எங்கள் வகுப்பில் பேசிக்கொள்வாங்க. ஆனால் அந்த மொழி பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், பட்டனும் பிரவுசரும் இல்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் தனியாக இல்லை, வேறு மொழியில் எழுதிய பெரிய புரோகிராம் ஒன்றுக்குள்ளே! அது எப்படி என்று பார்ப்போமா?

முதலில் நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது, அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவில் சாய்வாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கம்பி அறுந்தால் ஆள் ஏறிப் போய் சரி செய்யலாம். மழையோ குளிரோ, போய்விடலாம். 1990-இல் பறந்த ஹப்பிள் தொலைநோக்கியைக்கூட விண்வெளி வீரர்கள் ஐந்து முறை போய் பழுது பார்த்தார்கள். ஆனால் 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி? நிலாவைவிட சுமார் நாலு மடங்கு தூரம். அங்கே யாரும் போக முடியாது. அனுப்புகிற கட்டளையில் தப்பு வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

வெப்பை இயக்கும் முக்கிய புரோகிராம் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் எழுதப்பட்டது. அது ரொம்ப கண்டிப்பான மொழி, அதில் ஒரு வரியை மாற்றினாலும் முழுப் புரோகிராமையும் மறுபடி தயார் பண்ணி, சோதித்து, மேலே அனுப்ப வேண்டும். ஆனால் எந்த நட்சத்திரத்தைப் பார்க்கணும், எந்தக் கருவியைத் திருப்பணும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெரிய புரோகிராமைத் தொடுவது ஆபத்து. அதனால் வேலை வரிசையை மட்டும் சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் குறிப்புகளாக எழுதிவிட்டார்கள். சி பிளஸ் பிளஸ் புரோகிராம் அந்தக் குறிப்பை வாசித்து நடத்துகிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஹப்பிளுக்கு இத்தனை மணிக்கு இதைச் செய் என்று நேரம் குறித்துத்தான் கட்டளை போகும். ஒரு வேலை நடக்காவிட்டால் அடுத்த வேலையின் நேரம் வரும்வரை சும்மா இருக்கணும். வெப் அப்படி இல்லை. வழிகாட்டி நட்சத்திரம் கிடைக்கவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் ஒரு வரிசையில் பறிக்கக் கொழுந்து இல்லைன்னா, மேஸ்திரி வர்ற வரைக்கும் நிக்காம அடுத்த வரிசைக்குப் போவாங்களே, அது மாதிரி.

சரி, ஒரு மொழிக்குள் இன்னொரு மொழி எப்படி ஓடும்? நடுவில் ஒரு 'எஞ்சின்' இருக்கிறது. (நம்ம மலை ரயில் எஞ்சின் இல்லை!) இதுவும் ஒரு புரோகிராம்தான். பெரிய புரோகிராம் அதனிடம் ஜாவாஸ்கிரிப்ட் குறிப்பை வெறும் எழுத்தாகக் கொடுக்கும். எஞ்சின் அதைப் படித்து, புரிந்து, நடத்தி, விடையைத் திருப்பிக் கொடுக்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொந்தமாகக் கையும் காலும் கிடையாது. கூட்டும், கழிக்கும், யோசிக்கும், ஆனால் ஒரு ஃபைலைத் திறக்கவோ, திரையில் ஒரு எழுத்தைக் காட்டவோ தானாகத் தெரியாது. பிரவுசரில் காட்டுவது பிரவுசர் கொடுத்த வசதி. வெப்பில் கருவிகளுக்குக் கட்டளை கொடுப்பது சி பிளஸ் பிளஸ் கொடுத்த வசதி. வீட்டுக்காரர் எந்த அறையைத் திறந்து விடுகிறாரோ அங்கே மட்டும்தான் விருந்தாளி போக முடியும்.

பூமியில் உள்ள சர்வர்களிலும் இதே முறை உண்டு. ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்கோடு ஆறு இலக்கம் இல்லாவிட்டால் பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்ட் சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். ஆனால் பிரவுசரில் நடக்கும் சோதனையைத் தெரிந்தவர்கள் தாண்டிவிடலாம். அதனால் சர்வரும் மறுபடி சோதிக்கணும். சர்வர் ஜாவாவில் இருந்தால் அதே விதியை ஜாவாவிலும் எழுதணும். ஒரு நாள் ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் போச்சு, சரியாக நிரப்பியவரின் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். இதைத் தவிர்க்க, அதே ஜாவாஸ்கிரிப்ட் விதியை ஜாவா சர்வருக்குள்ளும் ஓட விடுகிறார்கள். (பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு.)

இதற்குப் பயன்படும் 'ரைனோ' என்ற எஞ்சினை நெட்ஸ்கேப் கம்பெனி 1997-இல் தொடங்கியது. ரைனோ என்றால் காண்டாமிருகம். 2014-இல் ஜாவா எட்டாம் பதிப்புடன் 'நாஸ்ஹார்ன்' வந்தது. அது ஜெர்மன் மொழியில் அதே காண்டாமிருகம்தான்! 2020-இல் ஜாவாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வேண்டியவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விருந்தாளியால் தொந்தரவும் வரும். முடிவே இல்லாத சுற்று ஒன்றை யாராவது எழுதிக் கொடுத்தால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வர் அங்கேயே நின்றுபோகும். அதனால் இத்தனை விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று முதலிலேயே கட்டுப்பாடு வைக்கணும். இன்னொன்று, ரைனோவில் நாம் தடுக்காவிட்டால் ஜாவாவின் எல்லா அறைக்கும் கதவு திறந்துதான் இருக்கும். முன்பின் தெரியாதவர் எழுதிய குறிப்பை அப்படியே ஓட விட்டால் அது சர்வரில் உள்ள ஃபைல்களைக்கூடத் தொடலாம். இதில் எண்ணும் குழப்பும். ஜாவா முழு எண்ணையும் புள்ளி எண்ணையும் தனித்தனியாக வைக்கும், ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாம் ஒரே வகை. அதனால் 5 என்று அனுப்பியது சில சமயம் 5.0 என்று திரும்பி வரும்.

ஜாவாஸ்கிரிப்டை முதலில் எழுதியவர் பிரெண்டன் ஐக். 1995 மே மாதம், பத்தே நாளில், வெப்சைட்டுகளுக்காக எழுதினார். வெப் தொலைநோக்கிக்குள் இருக்கும் எஞ்சின் நோம்பாஸ் என்ற கம்பெனி செய்த 'ஸ்கிரிப்ட்ஈஸ்'. அந்தப் பெயரில் இப்போது கம்பெனி இல்லை. அந்த எஞ்சின் 2003 காலத்துப் பதிப்பு. எங்கள் வகுப்பில் அப்போது யாரும் பிறக்கவே இல்லை. 2022 ஜூலையில் வெளிவந்த வெப்பின் முதல் வண்ணப் படங்களை எடுக்கவும் அதுதான் கட்டளைகளை வாசித்தது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி