சைக்கிள் பதினொன்றில், செருப்பு பத்து வரை

டெல்டாவில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இறக்கம் என்பதே கிடையாது. மேட்டுப் பகுதிகளில் ஏறும்போது மூச்சு வாங்கினாலும், இறங்கும்போது பெடலில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து போகலாம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வரைக்கும், நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரைக்கும் அந்த ஓய்வு இல்லை. ஆற்றுப் பாலங்களில் கிடைக்கும் சில நொடிகளைத் தவிர கால் மிதித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆடியில் மேல்காற்று எதிரே அடித்தால் பிள்ளைகள் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார்கள். அப்போது உடம்பின் கனம் முழுவதும் கால்விரல்களுக்குப் பின்னாலிருக்கும் சதைப்பற்றான முன்பாதத்தில் இறங்குகிறது.

அந்தப் பிள்ளைகளில் பலர் ஓட்டுவது அரசு கொடுத்த சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம், 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் என்று விரிந்தது. பஸ் வராத ஊர்களிலிருந்து எத்தனையோ பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததில் இந்தச் சைக்கிளுக்குப் பங்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணியும் தருகிறது. ஆனால் அது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். சைக்கிள் வருவது பதினொன்றில். பாதத்துக்கு வேலை கூடுகிற வருடத்தில்தான் செருப்பு நின்றுபோகிறது.

பிறகு காலில் இருப்பது கடைத்தெருவில் வாங்கிய ரப்பர் செருப்பு. அதில் என்ன கெடுதல்? அடிப்பாகம் மெல்லியது, வளையக்கூடியது. பெடலின் விளிம்பு அழுத்தினால் அந்த அழுத்தம் பரவாமல் ஒரே இடத்தில் பாதத்துக்குப் போகிறது. பெடல் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிகிற சைக்கிளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விரல் எலும்புகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய நரம்புகள் நசுங்குகின்றன. முதலில் எரிச்சல், பிறகு விரல் மரத்துப்போகும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது விரல்களில்தான் இது தொடங்கும். செருப்பு நழுவாமலிருக்க விரல்களை மடக்கி வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மிதிப்பதால் உள்ளங்கால் குரக்களி பிடித்து இழுக்கும். ஷூ போட்டாலும், போன வருடத்து அளவாக இருந்தால் பலனில்லை. வெயிலில் மாலைக்குள் கால் வீங்குகிறது. நெருக்கமான ஷூவுக்குள் அதே நரம்புகள் பக்கவாட்டில் நசுங்கும்.

வீட்டில் சொன்னால் “பழகினா சரியாப் போயிடும்” என்பார்கள். நசுங்குகிற நரம்பு பழகிக்கொள்வதில்லை. காரணத்தை மாற்றினால்தான் வலி போகும். அதற்கு அதிகச் செலவும் ஆகாது.

முதலில் சீட். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு மாடல், பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாடல் என்று சைக்கிள் வருகிறது. வகுப்பில் உயரமோ ஆளுக்கு ஒன்று. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் திரளாகச் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். அளவு பொருந்தாத சைக்கிளோடு மல்லுக்கட்டுவது இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. ஆனால் சீட்டின் உயரத்தை ஒரு ஸ்பேனரால் மாற்றிவிடலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். அதற்கு மேலே இருந்தால் நுனிக்காலால் எட்டி எட்டி மிதிக்க வேண்டி வரும். விரலும் குதிகால் நரம்பும் நோகும். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று பயந்து ரொம்பக் கீழே இறக்கிவைத்தால் முழங்கால் வலிக்கும். புதிதாகக் கற்பவர்கள் அப்படி வைத்துக்கொள்ளலாம். பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட வேண்டும்.

அடுத்தது பெடல். முன்பாதத்தின் அகலமான பகுதி பெடல் அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். உள்ளங்கால் குழிவை வைத்து மிதிக்கக் கூடாது. ரப்பர் தேய்ந்தால் பெடலை மாற்றுங்கள். வீட்டிலேயே கழற்றுவதாக இருந்தால் இடது பெடலின் திருகு எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதை மறக்க வேண்டாம். தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் ‘கடக்’ என்று உதறினால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. சைக்கிள் கடையில் உடனே சரிசெய்து கொள்ளலாம். செருப்புக்குப் பதில், அடிப்பாகம் கெட்டியாக, குதிகாலிலும் வார் உள்ள சாண்டல் போதும். வழியில் விரல் மரத்தால் இறங்கிக் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ரத்தம் ஓடும்.

அரசு தரும் சைக்கிளில் பெடல் வளைந்திருந்தாலோ, சீட் ஏறாவிட்டாலோ வாங்கும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். இலவசம்தானே என்று வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. அது மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பொருள். பதில் இல்லையென்றால் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, முதல்வரின் முகவரி 1100, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம் என்று வழிகள் இருக்கின்றன. நுகர்வோர் ஆணையம் இதற்கு உதவாது, ஏனென்றால் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவர்தான் நுகர்வோர். பத்தாம் வகுப்போடு நிற்கும் காலணியை மேல்நிலைக்கும் நீட்டிக்கச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தீர்மானம் போட்டு அனுப்பலாம். அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம்.

கடையில் வாங்கிய சைக்கிளோ ஷூவோ குறையுள்ளதாக இருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் குறையால் ஏற்பட்ட காயத்துக்கும் இழப்பீடு கேட்க இடம் தருகிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். 1915க்கு அழைத்துப் பேசலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

வலிக்கிற காலை விட எனக்குக் கவலை தருவது வலிக்காத கால். நடவுக்கும் களையெடுப்புக்கும் சைக்கிளில் போகும் பெரியவர்கள் நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு, ஈரக்காலோடு ரப்பர் செருப்பை மாட்டி வீடு திரும்புகிறார்கள். சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் உள்ள காலில் செருப்பு வார் உராய்கிறது. இதோடு சர்க்கரை நோயும் இருந்தால், பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்லப் போய்விடும். பெடல் கம்பி தோலைக் கிழித்தாலும் தெரியாது. இரவு காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். இவர்கள் தினமும் விரலிடுக்குகளைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது, கடையில் விற்கும் மருந்துப் பட்டையையும் ஒட்டக் கூடாது.

நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய உணர்ச்சிச் சோதனை இருக்கிறது. நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கென்றே மாநில அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் “என் காலைப் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்பது உங்கள் உரிமை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் சொல்லலாம். உணர்ச்சி குறைந்திருந்தால் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு கேளுங்கள். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரமரப்பு போகாதது, விரல் கறுப்பது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விடுவது ஆகியவற்றுக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ தாமதிக்காமல் போக வேண்டும். விரல் கறுத்திருந்தால் அன்றைக்கே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. எங்கே போவது என்று தெரியவில்லையென்றால் 104க்கு அழைக்கலாம்.

கேரியரில் உட்காரும் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னோர் ஆபத்து, சக்கரக் கம்பிக்குள் கால் போவது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைத்தடுப்பு போட்டுக் கால்தாங்கியும் வைத்தால் இதைத் தடுக்கலாம். மாட்டிக்கொண்டால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். சக்கரத்தை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றி, தேவைப்பட்டால் கம்பியை வெட்டி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவித் துணி சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே சொன்னாலும் நசுங்கிய குதிகால் தோல் சில நாள் கழித்துக் கறுத்து உரியக்கூடும். அதனால் முதல் கட்டுப் போட்ட பிறகும், மருத்துவர் சொன்ன நாளில் மறுபடி கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.