ஸ்கூட்டருக்குள் 1999

இன்டெல் 1999 அக்டோபரில் 180 நானோமீட்டர் முறையில் பென்டியம் 3 செயலியை வெளியிட்டபோது, அதுதான் சிப் தயாரிப்பின் உச்சம். இன்று செல்பேசிச் செயலிகள் 3 நானோமீட்டரைத் தொட்டுவிட்டன (இந்த எண்கள் இப்போது வெறும் பெயர்தான், சிப்பின் எந்த அளவையும் நேரடியாகக் குறிப்பதில்லை). ஆனால் ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் ஆலைகளிலும் போச்சம்பள்ளியில் ஓலா ஆலையிலும் உருவாகும் மின் ஸ்கூட்டர்களுக்குப் பெரும்பாலும் பழைய தலைமுறை சிப்களே வேண்டியிருக்கின்றன.

காரணம் பேட்டரியில் இருக்கிறது. சுமார் 3.6 வோல்ட் தரும் செல்களை 14 அடுக்காகத் தொடுத்தால் 50 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொரு அடுக்கின் மின்னழுத்தத்தையும் மில்லிவோல்ட் துல்லியத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டிய சிப், அந்த 50 வோல்ட்டையும் தாங்க வேண்டும். மிக நுண்ணிய டிரான்சிஸ்டருக்கு ஒரு வோல்ட்டே அதிகம். அதன் மின்காப்புப் படலம் அத்தனை மெல்லியது. 130, 180 நானோமீட்டர் முறைகளில் தடித்த படலமும் அகன்ற இடைவெளியும் கொண்ட உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டர்களைச் சாதாரண டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்திலேயே, ஒரே சிலிக்கனில் அமைத்துவிடலாம்.

180 நானோமீட்டர் சிப்பின் வடிவங்களை 248 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா லேசர் 8 அங்குல சிலிக்கன் வட்டில் பதிக்கிறது. உள்ளே ஓடும் கம்பிகள் அலுமினியம். தாமிரம் அடுத்த தலைமுறைகளில்தான் பரவலானது. இயந்திரங்களின் முதலீடு எப்போதோ திரும்பிவிட்டதால் சிப் மலிவு. மலிவானதாலேயே புதிய ஆலை கட்டப் பெரும்பாலானோருக்கு ஆர்வமில்லாதிருந்தது. 2021 தட்டுப்பாட்டில் சொற்ப விலை சிப்புக்காக உலகெங்கும் வாகன உற்பத்தி தடைபட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 180 நானோமீட்டர் முறைக்கு வீடு மொகாலி. அங்குள்ள செமிகண்டக்டர் ஆய்வகம் 1984இல் 5 மைக்ரானில் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 தீவிபத்தில் ஆலை அழிந்தது. மீண்டெழுந்து, இஸ்ரேலின் டவர் நிறுவனத் தொழில்நுட்பத்தில் 180 நானோமீட்டருக்கு வந்தது. ராக்கெட்டுகளுக்கான 32 பிட் 'விக்ரம் 3201' செயலி அங்கேதான் உருவானது. –55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ராக்கெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் வேண்டியது வேகத்தைவிட இந்தத் தாங்குதிறன்தான்.

ஓசூர் அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து குஜராத்தின் தோலேராவில் சிப் ஆலை அமைக்கிறது. அங்கே திட்டமிட்டிருப்பவையும் 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான பழைய தலைமுறைகளே.